மயக்க டாக்டர் மயங்கிய நாள்

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குத் தாலாட்டு டாக்டர் என்று பெயர். இருபத்தாறு வருடமாக ஆபரேஷனுக்கு முன்னால் ஆட்களுக்கு மயக்கம் கொடுக்கும் வேலை. ஊசி போடும்போது மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுப்பார். நோயாளி அதைத் தனக்குச் சொல்லும் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவார். உண்மையில் அவர் மருந்தின் அளவை மறந்துவிடக் கூடாதே என்று தமக்குள் ஒப்பித்துக்கொண்டிருப்பார். பட்டம் கேட்க நன்றாக இருந்ததால் யாரையும் திருத்தவில்லை.

தம்மைப் பற்றி அவருக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. தமக்கு எதற்கும் பயம் கிடையாது என்பது ஒன்று. தம் விரல் இருக்கும்போது எந்தப் பெட்டியும் தேவையில்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வாரத்தில் குப்புற விழுந்தன. அதற்குக் கடலை அளவில் ஒரு பித்தப்பைக் கல் போதுமாக இருந்தது.

யாருக்கோ முழங்கால் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோதுதான் வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ துணி பிழிவதுபோல் பிழிந்தார்கள். தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டார். சர்ஜன் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நோயாளி நல்லாத்தான் இருக்கார். உங்க மூஞ்சிதான் வெளிறிக் கிடக்கு."

ஸ்கேனில் கல் தெரிந்தது. வயிற்றில் நாலு சின்னத் துளை, சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் சர்ஜன். தாலாட்டு டாக்டர் அலட்சியமாகத் தலையாட்டினார். வெளியே வந்து வராந்தாவில் நின்ற பிறகுதான் ஒரு கேள்வி உறைத்தது. எனக்கு மயக்கம் கொடுக்கப்போவது யார்?

அங்கே மயக்க டாக்டர்கள் மூன்று பேர். ஒருவர் இவர். ஒருவர் போன மாதம் சேர்ந்த புதியவர். மூன்றாமவர் ஒரு டாக்டரம்மா. இவரைவிடப் பத்து வயது சின்னவர். எப்போதும் திரையில் ஓடும் எண்களையே பார்ப்பதால் இவர் அவருக்கு 'டிவி டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் அவர் காதுக்குப் போயிருக்காது என்றும் நம்பினார். இருபது கட்டில் உள்ள ஆஸ்பத்திரியில் அப்படியும் நம்புகிறவர்கள் உண்டு.

அந்த அம்மாவோடு பழைய கணக்கு ஒன்றும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டி, மூளையின் மின்னலைகளைப் படித்து, மயக்கம் எவ்வளவு ஆழம் என்று எண்ணில் காட்டும் பெட்டியை வாங்க வேண்டும் என்று அவர் கேட்டார். ஆபரேஷன் அறைகள் இரண்டு என்பதால் பெட்டியும் இரண்டு. கூட்டத்தில் தாலாட்டு டாக்டர் எழுந்து நின்றார்.

"நாடியில என் விரல் இருந்தா மூளை என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியும். கண்ணுல நீர் கசியுதா, வேர்க்குதா, அதைப் பாத்தா போதும். பெட்டியைப் பாத்து மயக்கம் குடுக்கிறது, சமையல் புத்தகத்தைப் பாத்து பசியான்னு கேக்கிற மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பெட்டி ஒரு பெட்டியாகச் சுருங்கியது. அந்தச் சமையல் புத்தக உவமையை அவர் வீட்டிலும் இரண்டு தடவை சொன்னார்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் டாக்டரம்மா அவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று மனைவியோடு வரச்சொன்னார். நோயாளிகளிடம் இவர் பேசும் பேச்சு நாற்பது வினாடிக்குள் முடிந்துவிடும். "ஒண்ணும் இல்ல, ஒரு ஊசி, தூங்கிடுவீங்க, எழுந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்." டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தபோதே இது நாற்பது வினாடியில் முடியாது என்று தெரிந்துவிட்டது.

"ஆடுற பல்லு, கழட்டுற பல்லு ஏதாவது இருக்கா சார்?"

"இல்ல."

"மேல் வரிசையில முன்பல்லு கழட்டுறது மேடம்" என்றார் மனைவி. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை தப்பாக இருந்தால் சும்மா இருக்க முடியாதவர்.

"குறட்டை?"

"அதெல்லாம் இல்ல."

"பக்கத்து வீட்டுக்காரங்க மோட்டார ரிப்பேர் பாக்கச் சொல்லி வந்தாங்க மேடம். நாங்க மோட்டாரே வெச்சுக்கல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றி அளந்து எழுதிக்கொண்டார். சட்டைக்கு அளவெடுப்பதுபோல் அவர் அசையாமல் நின்றார்.

"கழுத்து தடிமன். தாடையும் சின்னது. கேமரா வெச்ச கருவியிலதான் தொண்டைக்குள்ள குழாய் போடப்போறேன். உள்ள என்ன இருக்குன்னு திரையில நேரா தெரியும்."

தாடை சின்னது என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. இதற்காகத்தான் இருபத்தாறு வருடமாக முகக்கவசம் அணிகிற தொழிலில் இருக்கிறோமோ என்று ஒரு கணம் தோன்றியது.

கடைசியில் அவர் கேட்க வந்ததைக் கேட்டார். நேராகக் கேட்க வாய் வரவில்லை.

"அந்த... நெத்தியில ஒட்டுற சமாச்சாரம். சும்மா கிடந்தா ஒட்டிப் பாருங்களேன். ஒரு ஆராய்ச்சி மாதிரி."

"ஆராய்ச்சியா?"

"பயம்லாம் ஒண்ணும் இல்ல."

"நான் பயம்னு சொல்லவே இல்லையே சார்" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலமே அவரை வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். அன்று காலை ஆறரைக்கு டாக்டரம்மா போனில் வந்தார்.

"சார், ஒரு தையல்காரர், எண்பத்திரண்டு வயசு. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு நேத்து வந்திருக்கார். எட்டு மணிக்கு ரெண்டாவது ரூம்ல எடுக்கிறோம். புது டாக்டர் மயக்கம் குடுக்கிறார். பெட்டி அவருக்கு வேணும். அந்த வயசுல மருந்து கொஞ்சம் அதிகமானாலும் எழுந்த பிறகு ரெண்டு மூணு நாள் ஆள் குழம்பிப் போகலாம்."

"சரி. அப்ப எனக்கு?"

"எட்டு மணிக்கே வேணும்னா பெட்டி இல்லாம பண்ணிடலாம். நாடி, கண்ணு, வேர்வை பாத்து. உங்க முறையில."

 தாலாட்டு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். வாழ்நாளில் பேசியவற்றில் எதை வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், முதலில் இதைத்தான் அழிப்பார்.

"அந்தத் தையல்காரரை நாளைக்கு வெச்சுக்க முடியாதா?"

"உடைஞ்ச எலும்போட எவ்வளவு நேரம் படுத்திருக்காரோ அவ்வளவுக்கு அவருக்கு ஆபத்து சார். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். சும்மா கேட்டேன்."

"பன்னெண்டு மணி வரைக்கும் காத்திருந்தா பெட்டி உங்களுக்கு."

"காத்திருக்கேன்" என்றார். இந்தப் பதிலுக்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

ஏழு மணிக்கெல்லாம் நாக்கு வறண்டுவிட்டது. மணியை அடித்தார். தலைமை நர்ஸ் வந்தார்.

"சிஸ்டர், ஒரு வாய் தண்ணி."

நர்ஸ் எதிர்ச் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சுற்றறிக்கை. 'ஆபரேஷனுக்கு முந்தின இரவு பத்து மணிக்கு மேல் நோயாளிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. மீறினால் ஆபரேஷன் ரத்து.' கீழே அவருடைய கையெழுத்து, ஒன்பது வருடப் பழசு. 'ஒரு சொட்டுத் தண்ணீரும்' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அந்தக் கோடுகளையும் அவரே போட்டிருந்தார்.

"நான்தான் சிஸ்டர் அதை எழுதினது."

"தெரியும் சார். அதனாலதான் குடுக்க மாட்டேங்கிறேன். போன வருஷம் ஒரு அம்மாவுக்கு அரை டம்ளர் குடுத்ததுக்கு இதே இடத்துல நின்னு என்னைக் கேள்வி கேட்டீங்க."

கேட்டிருந்தார். நன்றாகவே கேட்டிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் எழுதிக் கையெழுத்தும் போட்டு, சட்டம் அடித்து மாட்டியிருந்தது.

எட்டரைக்கு மனைவியின் தம்பி பார்க்க வந்தார். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டுமாம். இந்த மச்சான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்.

"நீங்க சாப்பிடக் கூடாதுல்ல மாமா?"

"கூடாது."

"பாவம்" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டாகச் சாப்பிட்டார். பிஸ்கட் உடையும் சத்தம் இவ்வளவு பெரியது என்று தாலாட்டு டாக்டருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒன்பதரைக்கு டாக்டரம்மா வந்தார். அவருடைய உதட்டைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வெளியே போய் ஒரு பெரிய டம்ளர் ஆப்பிள் சாற்றோடு திரும்பினார்.

"தெளிவா இருக்கிற பானம் ரெண்டு மணி நேரம் முன்னால வரைக்கும் குடிக்கலாம் சார். வயிறு காலி பண்ணிடும். குடிச்சாத்தான் நல்லது, உடம்பு சோராது. இதைப் பத்தி ரெண்டு வருஷம் முன்னால உங்களுக்கு ஒரு கட்டுரை குடுத்தேன்."

அந்தக் கட்டுரை அவருக்கு ஞாபகம் இருந்தது. அதை மடித்து ஆடும் மேஜையின் காலுக்கு அடியில் வைத்திருந்தார். மேஜை இப்போது ஆடுவதில்லை. அவர் சாற்றை ஒரே மூச்சில் குடித்து முடித்து, டம்ளரின் அடியில் இருந்த கடைசிச் சொட்டுக்காகத் தலையை அண்ணாந்தார். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான நாள் நின்று வேலை செய்த அறை. படுத்துப் பார்த்தபோது வேறு அறையாக இருந்தது. மேற்கூரையில் ஒரு பலகை மட்டும் பழுப்பாக இருந்ததை இத்தனை வருடத்தில் அவர் பார்த்ததே இல்லை. மல்லாந்து கிடந்தவர்கள் எல்லாரும் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். மேஜை இவ்வளவு ஒடுக்கமானது என்றும், அறை இப்படிக் குளிரும் என்றும் யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

டாக்டரம்மா நெற்றியைத் துடைத்துப் பட்டையை ஒட்டினார். தாலாட்டு டாக்டர் திரையைத் தம் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தார். தொண்ணூற்றேழு.

"முழிச்சிருக்கேன்" என்றார்.

"தெரியுது சார். நாடி நூத்திப் பதினெட்டு. அதுவும் தெரியுது."

"மயக்கத்துக்கு கேஸ் எது?"

"கேஸ் கிடையாது. வெளிய போய் பூமியைச் சூடாக்குற கேஸ் இங்க எதுக்கு? ரத்தக்குழாய் வழியா மட்டும்தான், பம்ப்ல. பெட்டியில எண் நாப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல நிக்கும். தூங்கின பிறகு ஸ்கேன் பாத்துகிட்டே வயித்து நரம்பை மரத்துப்போக வெப்பேன். வலிக்கு மார்ஃபின் வேண்டியிருக்காது."

 "எண்ணட்டுமா? ஒண்ணுலேருந்து?" என்று தாலாட்டு டாக்டர் கேட்டார். எல்லாரும் பத்துக்குள் தூங்கிவிடுவார்கள், தாம் இருபது வரையாவது எண்ணிக் காட்ட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு போட்டி.

"வேண்டாம். உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒண்ணைச் சொல்லுங்க. அங்க போயிட்டு வாங்க."

அவர் யோசித்தார். கடல், மலை, எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. விடுமுறை எடுத்ததே அபூர்வம். கடைசியில் "இந்த ரூம்தான்" என்று சொல்ல வாயெடுத்தார். எந்த எழுத்தில் நின்றது என்று அவருக்குத் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது அவருக்குக் கோபம் வந்தது.

"எப்பதான் ஆரம்பிக்கப் போறீங்க? எவ்வளவு நேரம் படுத்தே கிடக்கிறது?"

"முடிஞ்சு அரைமணி ஆச்சுங்க" என்றார் மனைவி. "பல்ல மாட்டிக்கோங்க. சர்ஜன் வரார்."

வலி இருந்தது, யாரோ தூரத்தில் நின்று கூப்பிடும் அளவுக்கு. வாந்தி இல்லை. கையைத் தூக்கினார், தூக்க முடிந்தது. அவருடைய நோயாளிகள் பாதிப் பேர் எழுந்ததும் குமட்டுவார்கள், துவண்டு கிடப்பார்கள். அவரிடம் சொன்னால் "அது சகஜம்" என்பார். சகஜம் என்பது தமக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். வாந்தி வராமலிருக்க முன்கூட்டியே மருந்து போட்டதையும், ஆபரேஷனுக்காக உடம்பை அசையாமல் வைத்த தசைத் தளர்ச்சியை இரண்டு மூன்று நிமிடத்தில் முறிக்கும் மருந்து போட்டு, கட்டைவிரல் முழுப் பலத்தோடு துடிப்பதை அளந்து பார்த்த பிறகே குழாயை எடுத்ததையும் அவர் சொன்னார். பிறகு சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார்.

"ஆரம்பத்துல உங்க எடைக்குக் கணக்குப் போட்ட மருந்து உங்களுக்குப் பத்தல சார். எண் எழுபத்தஞ்சுக்குக் கீழ இறங்கவே இல்ல. நாடி மட்டும் நிதானமா எழுபதுல இருந்துது. வேர்க்கல, கண்ணுல நீர் வரல. பெட்டி இல்லாம இருந்தா நீங்க நல்லா தூங்கறீங்கன்னுதான் நானும் நினைச்சிருப்பேன். ஏத்தினேன், அப்புறம் இறங்கிடுச்சு."

 சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தாலாட்டு டாக்டர் ஜன்னலுக்கு வெளியே வெறித்துக்கொண்டு வந்தார். மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று மனைவி நினைத்தார்.

தாலாட்டு டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பெண்ணை. பதினோரு வருடத்துக்கு முன் குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தவர். மறுநாள் காலை வார்டில் அந்தப் பெண் அவரிடம் சொன்னார்: "சார், நடுவுல முழிச்சுகிட்டேன். கையை அசைக்க முடியல. கத்த முடியல. வயித்துக்குள்ள யாரோ இழுக்கிறது தெரிஞ்சுது. ஒருத்தர், வலது கால் செருப்பு கடிக்குது, நேத்துதான் வாங்கினேன்னு சொல்லிட்டிருந்தார்."

"மயக்க மருந்துல இப்படிக் கனவு வரும்மா. சகஜம்" என்று அவர் சொன்னார்.

சொன்னபோது அவர் வலது குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. செருப்பு கடித்த ஆள் அவர்தான்.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பியதும் பதிவேட்டு அறைக்குப் போய்த் தேடினார். முகவரி கிடைத்தது. நாலு தெரு தள்ளி, ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. மதிய நேரத்தில் போனார். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவர், உள்ளே நுழைந்ததும் ஒரு பேனா வேண்டும் என்றார். பிறகு இன்னொரு பேனா. மூன்றாவது பேனாவை நீட்டும்போது அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க தாலாட்டு டாக்டர்தானே?"

"ஆமாம்மா. அன்னைக்கு நீங்க சொன்னது கனவு இல்ல. அந்தச் செருப்பு என்னோடது."

ஒத்திகை பார்த்த பேச்சில் இது ஆறாவது வாக்கியம். முதல் ஐந்தும் காணாமல் போயிருந்தன.

அந்தப் பெண் கோபப்படவில்லை. அழவும் இல்லை. உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "என்னங்க, கொஞ்சம் வெளிய வாங்க. இவர் சொல்றதைக் கேளுங்க." கணவர் வந்தார். தாலாட்டு டாக்டர் மறுபடி சொன்னார். அடுத்து அந்தப் பெண் தன் அக்காவுக்குப் போன் போட்டு, போனை அவர் கையில் கொடுத்தார். யாரென்றே தெரியாத அக்காவிடம் அவர் மூன்றாம் தடவை செருப்புக் கதையைச் சொன்னார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் போகாமல் நின்று கேட்டார்.

"பதினோரு வருஷமா எல்லாரும் கனவுன்னு சொல்லிச் சொல்லி, எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன் சார்" என்றார் அந்தப் பெண். "தொண்டையில கட்டி இருக்கு. எடுக்கணும்ங்கிறாங்க. மூணு வருஷமா தள்ளிப்போடறேன். மயக்கம்னாலே உடம்பு நடுங்குது. இவர்கூட, கனவுக்குப் பயந்தா எப்படின்னு கேப்பார்."

கணவர் பேனாக்களை அடுக்கி வைத்தார். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அவர் புதுப் பேனாவில் எழுதினார். கையெழுத்து யாருக்கும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கே புரியவில்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

"ஆபரேஷனின்போது மயக்கம் போதாததால், இவர் விழித்திருந்திருக்கக்கூடும்..."

"'கூடும்' எதுக்கு சார்?"

"எடுத்துடுங்க."

"யார் குடுத்த மயக்கம்னு வரலையே."

"'நான் கொடுத்த'ன்னு சேத்துக்கோங்க." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மறுநாள் இவர் அதைச் சொன்னபோது, கனவு என்று தவறாகக் கூறிவிட்டேன்."

விரல்கள் விசைகள் மேல் நின்றன. "தவறாவா, தெரிஞ்சேவா?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"தெரிஞ்சே" என்றார்.

அந்தப் பெண் அதை அடித்தார். அச்செடுத்து நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார். கணவர் அதை வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பிறகு யாரும் சொல்லாமலே இயந்திரத்தில் வைத்து ஆறு பிரதி எடுத்தார்.

அடுத்த மாதம் அந்தப் பெண் தொண்டை ஆபரேஷனுக்கு வந்தார். மயக்கம் கொடுத்தது டாக்டரம்மா. பெட்டி அந்தப் பெண்ணின் தலைமாட்டில் இருந்தது. தாலாட்டு டாக்டர் அன்று அந்த அறைக்குள் போகவில்லை. ஆனால் கதவுக் கண்ணாடி வழியாக நாலு தடவை எட்டிப் பார்த்ததைத் தலைமை நர்ஸ் எண்ணி வைத்திருந்தார்.

சாயங்காலம் வார்டுக்குப் போனார்.

"ஏதாவது கேட்டுதாம்மா?"

"ஒண்ணும் கேக்கல சார்" என்றார் அந்தப் பெண், கரகரத்த குரலில்.

"யாரும் பேசினது? பாத்திரச் சத்தம்?"

"ஒண்ணுமே இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த ஒன்றுமே இல்லாதது எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது, இடையில் ஏதாவது மினுக்கென்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பெண்ணும் பொறுமையாகப் பதில் சொன்னார். அரைமணி நேரம் கழித்துத் தலைமை நர்ஸ் வந்து, தொண்டை ஆபரேஷன் ஆனவரைப் பேசவிடக் கூடாது என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினார்.